நூலிலிருந்து திரைக்கு வந்த குழந்தைகள்

நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்துரைத்தார். இகழ்ச்சியிலிருந்து தோன்றும் எள்ளல் ஒன்று. குழந்தைத் தன்மையாகிய இளமை மற்றொன்று. அறிவு நிரம்பாமையாகிய பேதைமை மூன்றாவது. ஒருவர் சொன்னதைப் பற்றிக்கொண்டு அதனை விடாமல் நிற்கும் மடன் நான்காவது. இந்நான்கனுள் எள்ளல் நீங்கலாக ஏனைய மூன்றும் குழந்தைகளிடம் இயல்பாகவே அமைந்திருப்பவை. ஆயினும் நம் திரைப்படங்களைக் கண்டு நாம் சிரிக்கும் சிரிப்பிலோ பெரும்பகுதி எள்ளலாகவே இருக்கிறது. குழந்தைகளுக்கென்று எடுக்கப்பட்ட படங்களும் இதற்கு விலக்கல்ல.

சிறுவர் நூலொன்று குடும்ப நகைச்சுவைப் படமாகும்போது அதில் குழந்தையின் இடம் யாது? பெரியோர் பார்த்து மகிழும் பொருளாக அது நிற்கிறதா, அன்றிப் பெரியோரைப் பார்க்கும் கண்ணாக நிற்கிறதா? இவ்வினாவை வைத்துக்கொண்டு, நாம் நன்கறிந்த தமிழ்ப் படமொன்றை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். பொன்னின் மாற்றுக் காண உரைகல் வேண்டும். இவ்வகைப் படங்களில் பிரெஞ்சு மொழி வளமுடையது. ஆதலின் அம்மொழியிலிருந்தே உரைகல்லைத் தேர்ந்துகொள்வோம்.

குட்டி நிக்கோலா

பிரான்சு நாட்டுச் சிறுவர் இலக்கியத்தில் ‘குட்டி நிக்கோலா’ அறியாத வீடு இல்லை எனலாம். எழுதியவர் ரெனே கொசினி. படம் வரைந்தவர் ழான் ழாக் சாம்பே. 1959 முதல் போர்தோ நகர நாளேடொன்றின் ஞாயிறு இதழில் இக்கதைகள் வெளிவந்தன. 1960-இல் முதல் நூல் உருப்பெற்றது. நிக்கோலா என்னும் பள்ளிச் சிறுவன் தன் வீட்டையும் வகுப்பையும் பற்றித் தானே மூச்சுவிடாமல் சொல்லிச் செல்வதே இக்கதைகளின் அமைப்பு. எப்போதும் தின்றுகொண்டிருக்கும் தோழன், வகுப்பில் கடைசியாக நிற்கும் தோழன், கண்ணாடி அணிந்திருப்பதால் அடிக்க முடியாத முதல் மாணவன் என்று அவனுடைய உலகம் விரிகிறது. சொல்பவனுக்கு அவற்றுள் எதுவும் நகைச்சுவை அன்று. எல்லாம் அவனுடைய மெய்யான கவலைகள். அவன் கண்டதை அப்படியே சொல்கிறான். அவனுக்கு விளங்காதது நமக்கு விளங்குகிறது. அவ்விடைவெளியில் சிரிப்புப் பிறக்கிறது.

2009-ஆம் ஆண்டில் லோரான் திரார் என்னும் இயக்குநர் இதனைப் படமாக்கினார். தம்பி பிறந்த தோழன் ஒருவனுடைய பேச்சைக் கேட்ட நிக்கோலா, தன் வீட்டிலும் அதே அறிகுறிகள் தோன்றுவதாக எண்ணுகிறான். தந்தை தாயிடம் கனிவாகப் பேசினாலும் அச்சம். இருவரும் தனித்துப் பேசினாலும் அச்சம். தம்பி வந்துவிட்டால் தன்னைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று முடிவு செய்து, தோழர்களைத் திரட்டித் திட்டமிடத் தொடங்குகிறான். மடன் என்னும் நிலைக்களனுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இப்படத்தில் கொடியவர் எவரும் இல்லை என்பது கருதத் தக்கது. தந்தை மேலதிகாரியை விருந்துக்கு அழைத்துவிட்டு, பதவி உயர்வு கிட்டுமா என்று கலங்குகிறார். அலுவலகம் சென்று வரும் நம்மில் பலர் அக்காட்சியில் தம்மையே கண்டிருப்பர். தாய் அவ்விருந்தில் கணவருடைய பெருமை காக்கப் படாத பாடுபடுகிறார். தந்தைக்கு மேலதிகாரியிடம் அச்சம். மகனுக்குக் காட்டைப் பற்றிய அச்சம். ஒரே கூரையின் கீழ் இரு அச்சங்கள் ஒன்றையொன்று அறியாமல் வாழ்கின்றன. நாம் பையனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, நம்மைப் பார்த்துச் சிரித்து முடிக்கிறோம்.

குறையும் உண்டு. அப்படத்தின் தெருக்களும் வீடுகளும் பொம்மைக் கடைபோல் மிகத் தூய்மையாக இருக்கின்றன. வறுமையின் நிழல்கூட அங்கே விழுவதில்லை. இவ்வகையில் ஈவ் ரொபேர் 1962-இல் எடுத்த ‘பொத்தான்களின் போர்’ மேலானது. லூயி பெர்கோ 1912-இல் வெளியிட்ட நாவலிலிருந்து பிறந்த படம் அது. இரண்டு சிற்றூர்ச் சிறுவர் கூட்டங்கள் மோதிக்கொண்டு, தோற்றவனுடைய சட்டைப் பொத்தான்களை அறுத்துவிடுகின்றன. பொத்தானில்லாத சட்டையோடு வீடு சென்றால் அங்கே அடி காத்திருக்கிறது. சிறுவரின் போரைவிட வீட்டின் அடியே அச்சம் தருவதாக இருப்பதை அப்படம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறது. இவ்விரு படங்களிலும் கண் குழந்தையுடையது. இதுவே நமக்கு உரைகல்.

குழந்தையும் தெய்வமும்

இனி நம் படத்திற்கு வருவோம். 1965-இல் ஏவி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ‘குழந்தையும் தெய்வமும்’ சிறுவர் நூலொன்றின் வழித்தோன்றல் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். செருமானிய எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர் 1949-இல் வெளியிட்ட ‘இரட்டை லோத்தே’ என்னும் நூலே இதன் வேர். 1933-இல் பெர்லின் நகரில் நாசிகள் நூல்களை எரித்தபோது, தம் நூல்களும் எரிவதை நேரில் நின்று கண்டவர் கெஸ்ட்னர். எழுதத் தடை விதிக்கப்பட்டிருந்த காலத்தில், 1942-இல், இக்கதையை முதலில் திரைக்கென்றே அவர் வரைந்தார். போர் முடிந்த பின்னரே அது நூலாயிற்று. 1950-இல் செருமானிய மொழியில் படமாகி, 1961-இல் அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி நிறுவனத்தாரால் மீண்டும் படமாகி, அங்கிருந்து கோடம்பாக்கம் வந்து சேர்ந்தது.

மூலநூலின் கதை எளியது. கோடை விடுதியொன்றில் இரு சிறுமியர் சந்திக்கின்றனர். உருவத்தில் ஒருவர்போல் மற்றவர். ஒருத்தி மியூனிக்கில் தாயோடு வாழ்பவள். மற்றவள் வியன்னாவில் தந்தையோடு வாழ்பவள். பெற்றோர் மணமுறிவு பெற்றுப் பிரிந்தபோது ஆளுக்கொரு குழந்தையைக் கொண்டு சென்றனர் என்பதும், மற்றொரு குழந்தை உண்டு என்பதைக் குழந்தைகளுக்கே சொல்லாமல் மறைத்தனர் என்பதும் அவர்களுக்கு விளங்குகிறது. இருவரும் இடம் மாறி வீடு திரும்புகின்றனர். பொறுப்புமிக்கவளான லோத்தே தந்தை வீட்டுக்குச் சென்று, வேலைக்காரி எழுதும் வீட்டுக் கணக்கில் உள்ள பொய்யைக் கண்டுபிடிக்கிறாள். துடுக்கான லூயிசே தாய் வீட்டில் சமையல் தெரியாமல் தவிக்கிறாள். இறுதியில் இருவரும் பிறந்த நாள் பரிசாக வேண்டுவது ஒன்றே. இனிப் பிரியாமல் சேர்ந்து வாழ வேண்டும் என்பதே அது.

இந்நூலில் பெற்றோர் பிரிந்ததற்கு வெளியார் எவரும் காரணமல்லர். இளமையிலேயே மணந்துகொண்டவர்கள், இசைக் கலைஞரான தந்தைக்குக் குழந்தைகளின் அழுகை இடையூறாயிற்று, தனியே அறை எடுத்துக்கொண்டார், தாய் மனம் உடைந்தார். குற்றம் அவர்களுடையதே. இதனைச் சிறுவர் நூலில் சொல்லலாமா என்று பெரியோர் கேட்பர் என்பதைக் கெஸ்ட்னர் அறிந்திருந்தார். நூலின் நடுவே கதையை நிறுத்தி, அப்பெரியோர்க்கு அவர் விடை கூறுகிறார். குழந்தை நடிகையாகப் பெரும்புகழ் பெற்ற ஷெர்லி டெம்பிள், தான் நடித்த படங்களையே திரையரங்கில் காண வயது போதாதென்று தடுக்கப்பட்டாள் என்பதை அங்கே நினைவூட்டுகிறார். பெற்றோரின் பிரிவைத் தாங்க வேண்டிய குழந்தை, அதனைப் பற்றி அறிவோடு எழுதப்பட்டதைப் படிக்கவும் உரிமை உடையது என்பதே அவர் வாதம்.

கிருஷ்ணன்-பஞ்சு இயக்க, ஜாவர் சீதாராமன் திரைக்கதை எழுதிய தமிழ்ப் படத்தில் இக்கதை எவ்வாறு மாறியது? ஜெய்சங்கர் தந்தை, ஜமுனா தாய், லல்லி, பப்பி என்னும் இரு குழந்தைகளாகவும் நடித்தவர் குட்டி பத்மினி. பிரிவுக்குக் காரணம் இங்கே கணவனும் மனைவியும் அல்லர், ஜி. வரலட்சுமி நடித்த மாமியார். மாப்பிள்ளை வீட்டோடு இருக்க வேண்டும் என்னும் செல்வச் செருக்கும், தன்மானம் உள்ள இளைஞனுக்கு அவ்வீட்டில் நேரும் சிறுமையும் குடும்பத்தைப் பிளக்கின்றன. மணமுறிவு பிரிந்து வாழ்தலாகிறது. 1955-இலேயே இந்து திருமணச் சட்டம் மணமுறிவுக்கு இடம் தந்திருந்தது. ஆயினும் குடும்பப் படம் காண வருவோரின் மனம் அதற்கு இடம் தரவில்லை என்று படம் எடுத்தோர் கருதியிருக்க வேண்டும்.

இம்மாற்றத்தை நான் முற்றும் குறைகூற மாட்டேன். பிற நாட்டுக் கதையை வேட்டி கட்டிவிட்டு நம் கதை என்று சொல்லும் படங்கள் பல. இப்படமோ நம் வீடுகளில் மெய்யாகவே உள்ள ஒரு நோயைத் தேடிக் கண்டது. வீட்டோடு மாப்பிள்ளையின் துயரமும், கணவனுக்கும் தாய்க்கும் நடுவே நின்று வாய் திறவாத மகளின் துயரமும் நம் மண்ணுக்குரியவை. மாமியாரின் ஆட்சிக்குள் ஒடுங்கிய கணவரை வைத்து எழும் நகையும், நாகேஷின் நகைச்சுவையும் அரங்கை நிறைத்தன. குட்டி பத்மினி அவ்விளவயதில் இரு வேறு இயல்புகளைப் பிரித்துக் காட்டிய திறம் இன்றும் வியப்புத் தருவது.

ஆயினும் இழந்தது யாது என்று கேளாமல் இருக்க இயலவில்லை. பழியெல்லாம் பாட்டியின் தலையில் ஏற்றப்பட்டபோது பெற்றோர் குற்றமற்றவர் ஆயினர். தம் தவற்றை உணர வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லாமற் போயிற்று. அவ்வாறே நகையும் இடம் மாறியது. மூலநூலில் குழந்தைகள் பெரியோரைப் பார்க்கும் பார்வையில் பிறந்த நகை, இங்கே பெரியோர் பெரியோரை எள்ளுவதில் பிறக்கிறது. குழந்தைகளுக்கு எஞ்சியது கண்ணீரும் வழிபாடும். படத்தின் பெயரே இதனைச் சொல்லிவிடுகிறது. குழந்தை இங்கே தெய்வத்துக்கு நிகர்; உடைந்த வீட்டை ஒட்ட வைக்க வந்த தெய்வம். தெய்வத்திடம் நாம் வேண்டுகிறோம்; தெய்வத்தை நோக்கி, ‘உனக்கு அச்சமாக இருக்கிறதா?’ என்று கேட்பதில்லை. கெஸ்ட்னரின் லோத்தே வீட்டுக் கணக்கைச் சரிபார்த்தாள். பெற்றோரின் கணக்கையும் சரிபார்த்தாள். நம் லல்லியும் பப்பியும் அக்கணக்கை மன்னித்துவிட்டார்கள்.

அண்டை வீட்டுச் சிறுவன்

இதே இயக்குநர்கள் இப்படத்தை 1966-இல் ‘லேத மனசுலு’ என்று தெலுங்கிலும், 1968-இல் ‘தோ கலியான்’ என்று இந்தியிலும் எடுத்தனர். தெலுங்கில் ஹரநாத் தந்தையாக, ஜமுனாவும் குட்டி பத்மினியும் மீண்டும் நடித்தனர். ஒரே தாயும் ஒரே குழந்தைகளும் இரு மொழி பேசிய அவ்விரு படங்களும் சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நமக்கு ஒருங்கே உரியவை. சித்தூர் 1911 வரை வட ஆர்க்காட்டின் தலைநகர். 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960-இல் திருத்தணி அப்பக்கம் சென்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. பெரியோர் கோடுகளைப் போட்டுக்கொண்டே இருக்க, வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியுமாக இரு வீட்டிலும் வளரும் நம் பிள்ளைகளும் லல்லி, பப்பியின் உடன்பிறந்தாரே.

அவ்வாறாயின் அண்டை வீடாகிய தெலுங்கில் குழந்தையின் கண் உண்டா? உண்டு. முள்ளபூடி வெங்கடரமணா எழுத, பாபு படம் வரைந்த ‘புடுகு’ 1950-களின் நடுவில் ஆந்திர பத்திரிகா வார இதழில் வெளிவந்தது. வீட்டிலுள்ள தாய் தந்தை, பாட்டி, அண்டை அயலார் ஆகிய அனைவரைப் பற்றியும் அச்சமின்றித் தன் கருத்தைச் சொல்லும் சிறுவன் புடுகு. எழுத்தாளர் ஒருவரும் ஓவியர் ஒருவரும் கைகோத்துப் படைத்தது. சிறுவனே தன் வாயால் சொல்வது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பிறந்தது. பாரிஸின் நிக்கோலாவும் ஆந்திரத்தின் புடுகும் ஒருவரையொருவர் அறியாத இரட்டையர் என்று கூறினால் மிகையாகாது. அந்தப் பாபுவும் ரமணாவும் பின்னர்த் திரையுலகில் புகழ்பெற்றனர். ஏ.பி. நாகராஜன் மாமல்லபுரத்துச் சிறுவனை வைத்து 1969-இல் எடுத்த ‘வா ராஜா வா’ என்னும் தமிழ்ப் படத்தை, 1970-இல் ‘பாலராஜு கதா’ என்று தெலுங்கில் தந்தவர் பாபுவே.

தமிழில் சிறுவர் இதழ்களுக்குக் குறைவில்லை. 1947-இல் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தெலுங்கில் ‘சந்தமாமா’வையும் தமிழில் ‘அம்புலிமாமா’வையும் தொடங்கினர். குடும்ப நகைச்சுவைப் படங்களுக்குப் பெயர்பெற்ற விஜயா நிறுவனமும் அவர்களுடையதே. ஒரே கைகள் குழந்தைகளுக்கு இதழையும் குடும்பங்களுக்குப் படத்தையும் தந்தன. எனினும் ‘மிஸ்ஸியம்மா’ வங்காளக் கதையிலிருந்து வந்தது. ‘மாயா பஜார்’ பாரதக் கிளைக்கதையிலிருந்து வந்தது. அம்புலிமாமாவின் பக்கங்களிலோ மன்னரும் வேதாளமும் வணிகரும் நிறைந்திருந்தனர். குழந்தை அவ்விதழைப் படித்தது; அதில் தன்னைக் காண்பது அரிதாகவே இருந்தது.

தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர்.கே. நாராயண், 1935-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுவாமியும் நண்பர்களும்’ இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 1980-களில் சங்கர் நாக் இயக்கத்தில் ‘மால்குடி நாள்கள்’ என்னும் தொலைக்காட்சித் தொடரில் அச்சிறுவன் உயிர்பெற்றபோது, தந்தையின் மேசையையும் தலைமையாசிரியரின் பிரம்பையும் நாம் அவனுடைய உயரத்திலிருந்து கண்டோம். தமிழ்த் திரையில் அத்தகைய பார்வை இல்லாமற் போகவில்லை. குட்டி நிக்கோலா திரைக்கு வந்த அதே 2009-இல் பாண்டிராஜின் ‘பசங்க’ வந்தது. சிற்றூர்ப் பள்ளியில் இரு சிறுவர்களின் பகையையும், அவர்கள் கண்முன் நிகழும் பெற்றோர் சண்டையையும் அது சிறுவர் பக்கம் நின்று காட்டியது. அங்கே கணவனும் மனைவியும் தம் தவற்றைத் தாமே உணர்கின்றனர். பழி சுமக்கப் பாட்டி தேவைப்படவில்லை. 1965-இல் இழந்தது 2009-இல் மீண்டது எனலாம். ஆயின் அதன் பின்னே நூல் இல்லை. படம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நூலோ தலையணையடியில் இருக்கும். நிக்கோலாவையும் புடுகையும் போன்ற ஒரு குரல் தமிழ் வீடுகளின் தலையணையடியில் இருக்க வேண்டும் என்பதே என் வேட்கை.

நம் வீட்டில்

இஃது ஏதோ இலக்கிய ஆசை என்று தள்ளிவிடாதிருக்க, என் வீட்டு நிகழ்ச்சியொன்றைச் சொல்லி முடிக்கிறேன். சென்ற கோடையில் குட்டி நிக்கோலா படத்தைக் குடும்பத்தோடு கண்டோம். தம்பியைப் பற்றி நிக்கோலா அஞ்சும் காட்சியில் நாங்கள் அனைவரும் சிரிக்க, பதினைந்து வயதான என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. பின்னர் மெல்லச் சொன்னாள்: “எனக்கும் இப்படி ஆச்சுப்பா. நாம வேலூர்ல இருந்தப்ப, ‘அப்பாவை மாத்திட்டாங்க’ன்னு அம்மா பாட்டிகிட்ட சொன்னாங்க. உங்களை மாத்திட்டு வேற ஒரு அப்பாவைக் கொண்டுவரப் போறாங்கன்னு நினைச்சேன். அதான் உங்க செருப்பை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால ஒளிச்சு வெச்சேன்.”

அந்தச் செருப்பு எனக்கு நினைவிருந்தது. மாற்றல் ஆணை வந்த வாரம், சாமான் கட்டும் அவசரத்தில், காணாமற்போன செருப்பை அவளே எடுத்தாள் என்று அறிந்து ஓங்கி ஓர் அடி வைத்தேன். ஐந்து வயதுக் குழந்தை ஏன் எடுத்தாள் என்று கேட்கவில்லை. நாங்கள் திருப்பதி வந்து சேர்ந்து, அதே அப்பா புதிய வீட்டிலும் இருப்பதைக் கண்ட பின்னரே அவள் அச்சம் தீர்ந்ததாம். பத்தாண்டுகள் அவள் அதனை எவரிடமும் சொல்லவில்லை. ஒரு பிரெஞ்சுச் சிறுவன் வந்து அவள் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. முதலில் நான் சிரித்தேன். பின்னர் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்கள் நாம். ஏன் வந்தோம், எத்தனை நாள் இருப்போம், எந்தப் பள்ளி, எந்த மொழி என்பனவற்றையெல்லாம் பெரியோராகிய நாமே முடிவு செய்கிறோம். பிள்ளைகள் அரைகுறையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். குட்டி நிக்கோலாவை எழுதிய கொசினியும் அத்தகைய பிள்ளைதான். பாரிஸில் பிறந்தவரேனும், அவர் வளர்ந்தது கடல் கடந்த புவெனஸ் அயர்ஸ் நகரில். தாம் நேரே வாழாத ஒரு பிரெஞ்சுப் பிள்ளைப் பருவத்தையே அவர் எழுத்தில் படைத்துக்கொண்டார். சித்தூரிலோ திருப்பதியிலோ தெலுங்குப் பள்ளிக்குச் சென்று தமிழில் கனவு காணும் ஒரு பிள்ளை நாளை அவ்வாறு எழுதக்கூடும். இன்று அதன் பேச்சை நாம் கேட்டால்.

‘குழந்தையும் தெய்வமும்’ நல்ல படம். பிள்ளைகளோடு அமர்ந்து மீண்டும் காண்க. ‘லேத மனசுலு’வையும் காண்க. கண்டு முடித்ததும், பிரிந்த பெற்றோரைப் பற்றி லல்லி என்ன நினைத்திருப்பாள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் விடையில் உங்களைப் பற்றியும் ஒரு செய்தி இருக்கலாம். குழந்தையைத் தெய்வம் என்று உயர்த்துவது நம் பண்பாடு. ஆனால் அதன் பேச்சைக் கேளாதிருக்க அவ்வுயர்வே ஒரு சாக்காகிவிடலாகாது.